டெமோவிலேயே தங்கிவிட்டவர்

நேற்று மத்தியானத்திலிருந்து உங்கள் கம்பெனி வாட்ஸப் குழுவில் ஒரே ரகளை. அடுத்த கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிடுவதற்கு முன்னால், கொஞ்சம் ஆடிப் பார்க்க இலவசமாக ஒரு டெமோ விடலாமா கூடாதா என்று பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் வேடிக்கைதான் பார்த்தேன். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "சாரையே கேட்டுடலாம். சார், ஒன் லைன்ல சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டார்.

ஒரு வரியில் பேசத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் இத்தனை வருடம் டெஸ்டிங்கில் குப்பை கொட்டியிருக்கப் போகிறேன்? அதுவும் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் போய்க் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு வரியோடு விடுவான் என்று எதிர்பார்த்தது உங்கள் தப்பு. வீட்டில் நான் ஒருவன்தான். பக்கத்தில் கெடார் கிராமத்தில் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனால் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வறுத்துக் கொடுப்பார், ஆனால் நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. சில நாட்கள் காலையில் பால்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடும். ஆகவே உட்கார்ந்து படியுங்கள். வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் நான் டெமோவுக்கு எதிரியாக இருந்த கதை. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். திண்டிவனத்தில் உரக்கடை மாடியில் நம் கம்பெனி அப்போதுதான் தொடங்கியிருந்தது. சென்னையில் வங்கி மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்த நான், சொந்த ஊர்ப் பக்கமே வேலை என்றதும் ஓடிவந்து சேர்ந்தேன். முதல் விளையாட்டே ஆர்பிஜி. ஆடுகிறவர் கதைக்குள் ஓர் ஆளாக இறங்கி, பேசி, சண்டை போட்டு, மெல்ல மெல்ல வளர்ந்து போகிற வகை. எங்கள் கதாநாயகன் ஆரம்பத்தில் மாடு மேய்ப்பான், அப்பாவிடம் திட்டு வாங்குவான், கிணற்றில் விழுந்த செம்பை எடுப்பான். வாள் அவன் கைக்கு வர வெகு நேரம் ஆகும்.

விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்து வெலவெலத்துப்போனார்கள். கதையின் நடுவிலிருந்து கோட்டைச் சண்டையை மட்டும் வெட்டி எடுத்து அதை டெமோவாக விட்டார்கள். இலவசமாக ஆடியவர்கள் துள்ளிக் குதித்தார்கள். நாங்களும் குதித்தோம். முழு விளையாட்டு வெளிவந்தது. வாங்கியவர்கள் வாளைத் தேடினார்கள், மாடுதான் வந்தது. பிரியாணி வாசனை காட்டிக் கூட்டிப்போய் உப்புமா போட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதினார். அந்த ஆள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

அன்றிலிருந்து நான் பிடிவாதக்காரன். சண்டை விளையாட்டுக்கு டெமோ விடுங்கள், கார் ஓட்டும் விளையாட்டுக்கு விடுங்கள், பந்து விளையாட்டுக்கு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆர்பிஜி அப்படியில்லை. அது குடிபோகிற வீடு. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வீடு எப்படி என்று யாரால் சொல்ல முடியும்? நடுவிலிருந்து வெட்டினால் ஏமாற்று வேலை. ஆரம்பத்தைக் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள். அதனால் டெமோவே வேண்டாம். இதுதான் என் கட்சி.

இரண்டாவது விளையாட்டு வந்தபோது இந்தக் கட்சிக்கு ஆள் சேரவில்லை. அது உப்பு வண்டிக்காரனின் கதை. கடற்கரையில் உப்பு ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் மலைநாட்டுக்குப் போகிறான். ஆடுகிறவர்தான் அந்த வண்டிக்காரன். வழியில் செவந்தி என்று ஒருத்தி வண்டியில் ஏறிக்கொள்வாள். தினமும் பொழுது சாயும்போது வண்டியை அவிழ்த்துவிட்டு அடுப்பு மூட்டுவார்கள். அப்போது செவந்தி ஒரே கேள்வி கேட்பாள்: "இன்னைக்கி என்னா பாத்த?" திரையில் நாலைந்து பதில்கள் வரும். எதைத் தொடுகிறோமோ அதற்குத் தகுந்த மாதிரி அவள் பேசுவாள், சிரிப்பாள், சில சமயம் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைக் கிளறுவாள்.

இதை எழுதியவர் செல்வி. மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்துப் பெண், மீன்பிடிக் குடும்பம். நம் கம்பெனியில் குரலை உயர்த்தாமல் சண்டை போடத் தெரிந்த ஒரே ஆள். கூட்டத்தில் நான் டெமோ வேண்டாம் என்று முழங்கி முடித்ததும் அவர் சொன்னார்: "உடாம இருங்க, இல்லன்னா மொத அத்தியாயத்த முழுசா உடுங்க சார். நடுவுல மட்டும் கத்தி வெக்காதீங்க."

நம் மேடம், அதாவது கம்பெனியைத் தொடங்கியவர், அதைப் பிடித்துக்கொண்டார். முதல் அத்தியாயம் முழுவதும், வண்டி ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிற வரைக்கும் டெமோ. முழு விளையாட்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சோதித்தவன் 'வெளியிடலாம்' என்று கையெழுத்துப் போட்டால்தான் நம்மிடம் எதுவும் வெளியே போகும்; நான் முணுமுணுத்துக்கொண்டே போட்டேன்.

இனி வருவது தொழிலில் நான் செய்த மகா அபத்தம். டெமோ முடியும் இடத்தில், "ஆடியதற்கு நன்றி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு பலகை வரும். கீழே தொடர்புக்கு ஓர் எண் வர வேண்டும். கம்பெனி எண் அப்போது முடிவாகவில்லை. எழுத்து கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க டெஸ்டிங்கில் எதையாவது தட்டிப் பார்ப்போம் இல்லையா? நான் கைக்கு வந்ததைத் தட்டினேன். என் சொந்த மொபைல் எண். அழகாக அடங்கியது. சரி என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். டெமோ என் எண்ணோடு உலகத்துக்குப் போய்விட்டது. அடுத்தவன் விட்ட ஓட்டையை எல்லாம் துருவித் துருவிப் பிடிக்கிற ஆளின் லட்சணம் இது.

போன் வரத் தொடங்கியது. மயிலம் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் ஆற்றங்கரையில் இருக்கும் நாயை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்கள். ஒரு அம்மா, "எம்புள்ள எந்நேரமும் மாட்டு வண்டி ஓட்டிக்கினு கெடக்கான், நீங்கதான் அந்த ஓனரா?" என்று ஏறு ஏறு என்று ஏறினார். ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பேஜாரு சார் உங்களுக்கு, அடுத்த அப்டேட்ல எடுத்துடறோம்" என்றார்கள். நான்தான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு அந்த அழைப்புகள் பிடித்திருந்தன. பஸ்ஸில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தவனுக்கு, கையிலிருக்கும் போன் ஒலித்தால் மனசு நிறைந்தது. பேச ஆள் இல்லாதவனுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

கொஞ்ச நாளில் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் நிற்கவில்லை. அவர்தான் ஏழுமலை.

முதல் அழைப்பில் அவர் கேட்டது: "சார், ஆத்துக்கு அந்தாண்ட வண்டி போவ மாட்டேங்குது. மிஷின் எதுனா ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லிங்க. டெமோ அவ்ளோதான். மீதி அப்புறம் வரும்" என்றேன்.

"அப்ப இத்தயே மறுபடியும் மொதல்லேர்ந்து ஆடலாமா?"

"தாராளமா ஆடுங்க."

அவர் ஆடினார். முடித்தார். மறுபடி ஆடினார். ஆடியது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார், லேப்டாப் வீட்டிலேயே தங்கிவிட்டது. எங்கள் விளையாட்டில் படங்கள் எல்லாம் எளிமையாக வரைந்தவை என்பதால் அந்தப் பழைய இயந்திரத்தில் எப்படியோ ஓடியது. வேலை முடிந்து வந்து கூப்பிடுவார். குறை எதுவும் சொல்லமாட்டார். "இன்னைக்கி மழை வர்ற எடத்துல மாட்ட மரத்தடில கட்டிட்டேன் சார்" என்பார். நான் "அப்டிங்களா" என்பேன். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் கூப்பிடாத நாட்களில் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பூத்தில் உட்காருகிற வேலை அவருக்கு. ஒருநாள் அவராகவே சொன்னார்.

"மின்னாடியெல்லாம் சில்லறைக்குச் சண்ட போடுவாங்க சார். வழி கேப்பாங்க. சாப்பாடு எங்க நல்லாருக்கும்னு கேப்பாங்க. இப்ப கண்ணாடில காசு தானா கழியற ஸ்டிக்கர் ஒட்டிக்கினு வர்றாங்களா, கதவுக் கண்ணாடியே எறக்கறதில்ல. கம்பி தூக்குது, எறங்குது. நாள் பூரா வண்டிய பாத்துக்கினு இருக்கேன், ஒரு மூஞ்சிகூட திரும்பிப் பாக்காது. வூட்டுக்கு வந்து இத்தத் தொறந்தா, இன்னைக்கி என்னா பாத்தன்னு அது கேக்குது."

"நீங்க எந்த பதில தொடுவீங்க?"

"எதுனா ஒண்ண தொடுவேன் சார். அதுக்கு மின்ன வாயால சொல்லிடுவேன். இன்னைக்கி ஒரு லாரி நெறைய ஆட்டுக்குட்டி போச்சு, கல்யாண வண்டி ஒண்ணு போச்சு, அப்டின்னு. மிஷினுக்குக் கேக்காதுன்னு தெரியும்."

அந்த டோல்கேட்டைத் தினமும் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் தாண்டுகிறவன் நான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவேன். நானும் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

வெளியிடும் நாள் நெருங்கியது. மேடம் தேதியை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். வேலையெல்லாம் முடிந்து என் கடைசிக் கையெழுத்துக்காகக் காத்திருந்த சமயம். அப்போது ஏழுமலை கூப்பிட்டார்.

"சார், முழுக் கதையும் வருதாமே. அதுல அது கடசி வரைக்கும் கூட வருதா?"

செவந்தியைத்தான் கேட்கிறார். அவர் எப்போதும் அவளை "அது" என்றுதான் சொல்வார், வீட்டு மனுஷியைச் சொல்வதுபோல.

நம் தொழிலில் முதல் பாடமே வெளியாகாத கதையை வெளியே சொல்லாதே என்பதுதான். சேர்ந்த அன்றே உங்களிடமும் எழுதி வாங்கியிருப்பார்கள். போனில் நான் சமாளிக்கப் பார்த்தேன். "அதெல்லாம் ஆடிப் பாத்துத் தெரிஞ்சிக்கறதுதானே நல்லாருக்கும்" என்றேன். அவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அப்படியே போனை வைக்க எனக்கு மனசு வரவில்லை. "நாளைக்கு நேர்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விக்கிரவாண்டியில் இறங்கினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. சீருடைச் சட்டையோடு ஒருவர் எழுந்து நின்றார். போனில் கேட்ட குரலை வைத்துக் குள்ளமான ஆளாக நினைத்திருந்தேன், நல்ல உயரம். அவரும் என்னை வேறு மாதிரி நினைத்திருப்பார்போல. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பரோட்டா போடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"முழுக் கதை வந்துட்டா என்னுதுல இருக்கற டெமோவ புடுங்கிடுவீங்களா சார்?"

"இல்லிங்க. புதுசா யாரும் எடுக்க முடியாது, அவ்ளோதான். உங்க மிஷின்ல இருக்கறதுல யாரும் கை வெக்க மாட்டாங்க."

"அப்ப நான் இதுலயே இருந்துக்கலாம்."

"இருக்கலாம். ஆனா ஆத்துக்கு அந்தாண்ட போவவே முடியாதே."

"அந்தாண்ட போனா அது வருதான்னு சொல்லுங்க. அப்புறம் நான் முடிவு பண்ணிக்கறேன்."

பக்கத்தில் லாரிக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒரு விளையாட்டுதானே என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆற்றங்கரைக்கு இந்தப் பக்கத்தில் அவருக்குத் தினமும் ஒரு மாலைப்பொழுது இருந்தது, யாரோ ஒருத்தி அவரைக் கேள்வி கேட்டாள். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று கூப்பிடுகிறவன் நான். கூப்பிடுகிறவன் உண்மையைச் சொல்ல வேண்டாமா? கம்பெனி விதி கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"வராது."

டீ கிளாஸை மேஜையில் வைத்தார். "செத்துடுதா?"

"இல்லிங்க. மூணாவது அத்தியாயத்துல போயிடும்."

"சொல்ட்டு போவுதா, சொல்லாம போவுதா?"

அந்த இடத்தை நான் எத்தனை தடவை சோதித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. விடிகிறது. வண்டிக்காரன் எழுகிறான். செவந்தி இல்லை. மாடு தலையை ஆட்டுகிறதா, வெளிச்சம் சரியாக விழுகிறதா, அவள் உட்கார்ந்த இடத்தில் அவள் நிழல் மட்டும் தங்கிவிடவில்லையே என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை, மாடியில் இருந்த வேறு யாரும் கேட்டதில்லை.

நான் யோசிப்பதற்குள் அவரே பேசினார். "பொண்ணு கல்யாணம் ஆயி போறப்ப கட்டிப் புடிச்சி அழுதுட்டுதான் போச்சு. தாங்கிக்கினேன். எங்க வூட்டுக்காரி அப்டி இல்ல சார். நான் டூட்டில இருந்தேன். நெஞ்சு வலின்னு பக்கத்து வூட்ல தூக்கிக்கினு ஓடியிருக்காங்க. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்ச்சு. காத்தால டூட்டிக்குக் கெளம்பறப்ப அது திரும்பிப் படுத்துக்கினு தூங்கிக்கினு இருந்துது. எழுப்பல. மறுபடியும் அப்டி ஒண்ணுன்னா வேணாம். ஆத்துக்கு இந்தாண்டயே இருந்துக்கறேன்."

பதில் தெரிந்துகொண்டே தள்ளிப்போட்டேன். "எழுதனவங்களக் கேட்டுட்டு சொல்றேங்க" என்றேன். பஸ் ஏறித் திண்டிவனம் வந்து சேர்ந்தேன்.

செல்வியிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி, செவந்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். கதையை வெளியே சொன்னதற்கு முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது எனக்கு வேண்டியதுதான். அப்புறம் அவர் சொன்னார்:

"அவ சொல்ட்டு போவக் கூடாது சார். எங்கப்பா கடலுக்குப் போறப்ப ஒருநாளும் எங்கள எழுப்பி சொன்னதில்ல. எழுந்து பாத்தா பாய் காலியா இருக்கும். தெனம் அப்டிதான். திரும்பி வந்துடுவாரு, அது வேற. ஆனா அந்தக் காலிப் பாய வெச்சிதான் செவந்திய எழுதுனேன். அவ உக்காந்து பேசி, அழுது, போய்ட்டு வர்றேன்னு சொன்னா அது வேற எவளோ."

"சரிம்மா. மாத்த வேணாம். அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

திரும்பி நாலடி நடந்திருப்பேன். "சார்" என்றார். திரும்பினேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கூழ மூடி வெச்சிட்டுப் போவாரு."

"யாரு?"

"எங்கப்பாதான். போறதுக்கு மின்ன கேப்பங்கூழு குடிப்பாரு. அவரு பங்குல கொஞ்சம் எனக்குன்னு மிச்சம் வெச்சி, தட்டு போட்டு மூடி, மேல ஒரு வெங்காயம் வெச்சிட்டுப் போவாரு. எழுந்தா பாய் காலியா இருக்கும், ஆனா அது இருக்கும். அத்த நான் எழுதவேயில்ல சார். காலிப் பாய மட்டும் எழுதிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாற்றம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்த ஒரு மண்சட்டி. தொட்டால் வண்டிக்காரன் உட்கார்ந்து குடிப்பான். அவ்வளவுதான். ஆனால் கடைசி நேரத்தில் ஒரு பொருளை உள்ளே நுழைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் விளையாட்டில் இப்படித்தான் ஒரு நாயைச் சேர்த்தோம், கோட்டைக் கதவு திறக்க மறுத்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சட்டியைச் சேர்த்தால் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை மறுபடி சோதிக்க வேண்டும். அறிவித்த தேதி தள்ளிப்போகும்.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தேதி சொல்லியாச்சு சார். ஊரே பாத்துட்டு இருக்கு. ஒரு ஆளுக்காகவா?"

"ஒரு ஆளுதான் மேடம் நம்மகிட்ட கேட்டாரு. மத்தவங்க கேக்காமயே உட்டுட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

"இது கோளாறு கெடையாது, பக் கெடையாது. உங்க கையெழுத்து எதுக்கு நிக்கணும்?"

நியாயமான கேள்வி. எதுவும் உடையவில்லை, எதுவும் நிற்கவில்லை, டெஸ்டிங்குக்கு அங்கே வேலையே இல்லை. நான் மனசில் பட்டதைச் சொன்னேன். "மேடம், அந்தச் சட்டி இல்லாம இது முடிஞ்ச விளையாட்டுன்னு என்னால கையெழுத்து போட முடியாது. செல்வி சொல்றதக் கேளுங்க. அப்புறமும் வேணாம்னா வேற யாராவது போடட்டும்." என் வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். இந்த வயசில் வேறு எங்கே போவது என்கிற பயமும் இருந்தது.

மேடம் செல்வியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தார். நேராகப் போய்த் தேதியைத் தள்ளிவைத்து அறிவிப்புப் போட்டார். வெளியே திட்டு சரமாரியாக வந்தது, அத்தனையும் அவர் பெயருக்குத்தான் வந்தது. நான் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை மறுபடி மறுபடி தனியாக நடந்தேன். எல்லாக் கதவும் திறந்தது.

நடுவில் ஏழுமலை கூப்பிட்டார். "கேட்டீங்களா சார்?"

"கேட்டேங்க. சொல்லாமத்தான் போவுது" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனசில்லை. "ஆனா வெறுமன உட்டுட்டுப் போவல. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. நீங்களே பாருங்க."

"செரி சார்" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். டெமோ விடுங்கள். விற்பதற்காக மட்டும் விடுவதென்றால் விடாதீர்கள், அதற்கு ஒரு நல்ல வீடியோ போதும். வாளை முன்னால் கொண்டுவருவதற்காகக் கதையை வெட்டாதீர்கள். ஆரம்பத்தையே கொடுங்கள், தூங்குகிறவர்கள் தூங்கட்டும். முக்கியமாக, இன்னும் மாற்ற முடிகிற நேரத்தில் விடுங்கள். எல்லாம் முடித்து மூட்டை கட்டிய பிறகு விடுகிற டெமோவில் யார் என்ன கேட்டாலும் நீங்கள் பல்லிளித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாம் பூட்டிய மாடியில் உட்கார்ந்து செய்கிறோம். அதை ஆடுகிறவர் தன் வீட்டில், தன் துக்கத்தோடு உட்கார்ந்து ஆடுகிறார். அவர் கேட்கிற கேள்வி நமக்குத் தோன்றவே தோன்றாது. அதைக் கேட்க ஒரு வழி வேண்டும். என் எண்ணைப் போட்ட மாதிரி உங்கள் எண்ணைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சிக்காரர்களும் தப்பில்லை. டெமோ விட்டால் வேலை இரட்டிப்பு, தேதி கெடும், கதை கசியும். நானே கசியவிட்டேன். எல்லாம் உண்மை.

விளையாட்டு வெளிவந்தது. டெமோவைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், அதோடு என் எண்ணும் போனது. முழு விளையாட்டில் கம்பெனி எண்தான். புதிதாக யாரும் கூப்பிடவில்லை. ஏழுமலையும் கூப்பிடவில்லை. பஸ் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து பூத்துகளைப் பார்த்தேன். பஸ் போகிற வழியில் அவர் இல்லை. நானாகக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்ன கேட்பது? ஆற்றைத் தாண்டினீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டெமோவிலேயே தங்கிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் இடத்தில் யார் இருந்தாலும் தப்பு சொல்ல முடியுமா?

ஒருநாள் மாலை கூப்பிட்டார். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை.

"எழுந்து பாத்தேன் சார். இல்ல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கூழு இருந்துது" என்றார். "எங்க வூட்லயும் வெச்சிட்டுதான் இருந்துது சார். அன்னிக்கி. எல்லாம் முடிஞ்சி, ஊரெல்லாம் கெளம்பிப் போன அப்புறம் அடுப்பாண்ட போறேன், எனக்கு சோத்த ஆக்கி மூடி வெச்சிருக்குது. யாருக்கும் சொன்னதில்ல. அத்த நான் துன்னல. எப்டி துன்றது? கொண்டுபோய்க் கொட்டிட்டேன்."

"ஏழுமலை..." என்றேன்.

"இத்த குடிச்சிட்டேன் சார். முழுசா குடிச்சிட்டேன். குடிச்சிட்டு வண்டியப் பூட்டிட்டேன். மலை தெரியுது." பிறகு ரொம்பச் சாதாரணமான குரலில், "செரி சார், வண்டி உடணும், வெச்சிடறேன்" என்றார்.

எப்போதும் வேலை இருக்கிறது என்று சொல்லி முதலில் வைக்கிறவன் நான். அன்றைக்கு அவர் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டிய தேவை அவருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் நாங்கள் அத்தனை பாடுபட்டோம். தெரிந்தும், அடுத்த நாள் மாலை அதே நேரத்துக்கு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.